ஒரு புகார், எல்லோருக்கும் தண்டனை: கடைப் பணியாளர்களுக்கான விதிகளை எழுதுவது யார்?

மாதேஸ்வரன் மலை: மேட்டூரிலிருந்து பாலாறு எல்லை வழியாக மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் பேருந்து, வழியில் ஒரு தொழிலாளர் சட்டத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைகிறது. மேட்டூரில் ஜவுளிக் கடையில் வேலை செய்பவர், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார இருக்கை கேட்கலாம். தமிழகச் சட்டம் அவருக்கு அந்த உரிமையைத் தந்துள்ளது. மலை மேல், கோயிலைச் சுற்றியுள்ள கடையொன்றில் அதே வேலையைச் செய்பவருக்குக் கர்நாடகத்தின் கடைகள் சட்டத்தில் அப்படியொரு தனிப்பிரிவு இல்லை.

1997-ஆம் ஆண்டு மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் இந்த மலை உள்ளது. அமாவாசை, மகா சிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாட்களில் இரு மாநிலத்துப் பக்தர்களும் இங்கு குவிகின்றனர். கடைகளில் கன்னடமும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன. மேட்டூரில் பொருள் வாங்குபவர்களில் பலர் மலையிலும் வாங்குகிறார்கள். அவர்களுக்கு எதிரே நிற்பவரின் உரிமை மட்டும் எல்லைக் கோட்டில் மாறிவிடுகிறது.

இந்த வேறுபாட்டுக்கு அடியில் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. கடைகளில் பணியாளர்கள் எப்படி நிற்க வேண்டும், யாருடன் பேச வேண்டும், எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதையெல்லாம் வரையறுக்கும் விதிகளில் பலவற்றுக்கு, ‘வாடிக்கையாளர்கள் குறை சொல்கிறார்கள்’ என்பதே காரணமாகக் கூறப்படுகிறது. ஒருவர் சொன்ன குறை, அதைக் கேட்டிராத நூறு பேருக்கு விதியாக மாறுகிறது. குறை உண்மையா, யாருடைய தவறு என்று கேட்கப்படுவது அரிது.

உட்காரக் கூடாது என்ற எழுதப்படாத விதி

இத்தகைய விதிகளில் மிகப் பழையதும் மிகப் பரவலானதும், பணியாளர் உட்காரக் கூடாது என்பதாகும். வாடிக்கையாளர் நுழையும்போது பணியாளர் அமர்ந்திருந்தால் அது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். தமிழகத்தின் பெரிய ஜவுளி, நகை, பாத்திரக் கடைகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக நின்றபடியே வேலை செய்தவர்கள் ஏராளம். சென்னை தியாகராய நகரின் துணிக்கடைப் பணியாளர்களின் வாழ்க்கையை மையமாக வைத்து, 2010-ஆம் ஆண்டு வசந்தபாலன் இயக்கத்தில் வெளியான ‘அங்காடித் தெரு’ திரைப்படம் இந்த நிலையைப் பொதுவெளியில் பேசுபொருளாக்கியது.

நெடுநேரம் நிற்பதால் கால் வீக்கம், முதுகுவலி, ‘வெரிகோஸ் வெயின்’ எனப்படும் நரம்புச் சுருட்டல் ஆகியவை வருகின்றன. தொழிற்சாலைகளுக்கு இந்த உண்மை எப்போதோ ஏற்கப்பட்டுவிட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு இருக்கை வசதி அளிக்கப்பட வேண்டும் என்றது. நூற்பாலையில் நிற்பவருக்குச் சுதந்திரத்துக்கு மறு ஆண்டே கிடைத்த ஏற்பாடு, அந்த நூலில் நெய்த புடவையை விற்பவருக்குக் கிடைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேலானது.

இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணத்தை ஊகிக்க முடியும். ஆலையின் தறிக்கு முன்னால் வாடிக்கையாளர் வருவதில்லை. கடையில் வருகிறார். அவர் பெயரைச் சொல்லி எந்தக் கட்டுப்பாட்டையும் நியாயப்படுத்திவிட முடிந்தது.

மிட்டாய்த் தெருவில் எழுந்த கேள்வி

இந்தக் காரணத்தை முதலில் வலுவாகக் கேள்வி கேட்டவர்கள் கேரளப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை வசதிகூட இல்லாத நிலையில், பி. விஜி முன்னெடுத்த ‘பெண்கூட்டு’ அமைப்பு அவர்களை ஒன்றுதிரட்டியது. கழிப்பறைக்காகத் தொடங்கிய போராட்டம், பின்னர் உட்காரும் உரிமைக்கான இயக்கமாக வளர்ந்தது. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் திருச்சூரில் ஒரு புடவைக் கடையின் பெண் பணியாளர்கள் தொடங்கிய போராட்டம் நூறு நாட்களைக் கடந்து நீடித்தது.

இதன் தொடர்ச்சியாகக் கேரள அரசு 2018-ஆம் ஆண்டு தனது கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இடம்பெற்றது.

தமிழகத்தில் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் இப்பொருள் விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டப்பேரவையில் திருத்த மசோதாவை அறிமுகம் செய்தார். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. பணி நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் நிலையைத் தவிர்க்க, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும் வகையில் எல்லாப் பணியாளருக்கும் பொருத்தமான இருக்கை ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உட்காரும் உரிமை வந்த பிறகு, பணியாளர் அமர்ந்திருக்கிறார் என்பதற்காகக் கேரளத்திலோ தமிழகத்திலோ மக்கள் புடவை வாங்குவதை நிறுத்திவிடவில்லை. வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்ட ஒன்று, பெருமளவில் நிர்வாகத்தின் ஊகமாகவே இருந்திருக்கிறது.

அதே நேரத்தில், 22-ஏ பிரிவு பிரச்சினையை முழுவதுமாகத் தீர்த்துவிடவும் இல்லை. ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்பதைத் தீர்மானிப்பவர் தளத்தில் நிற்கும் மேற்பார்வையாளர். நாற்காலியைப் போட்டுவிட்டு, அதில் உட்காருபவரை முறைத்துப் பார்ப்பதைச் சட்டம் தடுக்க முடியாது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது பணியாளரின் சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பு.

ஒரே நாளில் நீக்கமும் மறுநியமனமும்

புகார் எப்படித் தண்டனையாகிறது என்பதற்குத் தமிழகம் நன்கறிந்த எடுத்துக்காட்டு 2021 அக்டோபரில் நிகழ்ந்தது. உணவு விநியோக நிறுவனமான சொமேட்டோவின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவைத் தொடர்புகொண்ட தமிழகத்தைச் சேர்ந்த ஒருவரிடம், இந்தி தேசிய மொழி என்றும் அதை ஓரளவேனும் அனைவரும் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அங்கிருந்த பணியாளர் ஒருவர் கூறியிருந்தார். அந்த உரையாடலின் படங்கள் சமூக வலைத்தளங்களில் பரவின. கடும் எதிர்ப்பு எழுந்தது.

அக்டோபர் 19-ஆம் தேதி அந்நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்பு அறிக்கை வெளியிட்டு, அந்தப் பணியாளரை நீக்கிவிட்டதாக அறிவித்தது. சில மணி நேரத்துக்குள், நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி தீபிந்தர் கோயல் அவரை மீண்டும் பணியில் சேர்ப்பதாகத் தெரிவித்தார். சேவை மையங்களில் வேலை செய்பவர்கள் கற்றுக்கொள்ளும் பருவத்தில் உள்ள இளைஞர்கள் என்பதை அவர் சுட்டிக்காட்டினார்.

வாடிக்கையாளரின் புகார் நியாயமானது. இந்தி தேசிய மொழி அல்ல. தமிழகத்தில் வணிகம் செய்யும் நிறுவனத்திடம் தமிழில் சேவை கேட்பது உரிமை. ஆனால் தமிழ் தெரிந்த பணியாளர்களைப் போதிய அளவில் அமர்த்தாதது நிறுவனத்தின் முடிவு. கோயம்புத்தூரில் தமிழ்ச் சேவை மையம் அமைக்கும் பணி நடப்பதாக அந்த அறிக்கையே கூறியது; அதாவது குறை எங்கே இருந்தது என்பது நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் முதல் தண்டனை போய்ச் சேர்ந்தது, கணினித் திரைக்கு முன்னால் இருந்த கடைசிப் பணியாளருக்கு.

நீக்கமும் மறுநியமனமும் சில மணி நேர இடைவெளியில் நடந்தன. இரண்டையும் தீர்மானித்தது பொதுமக்களின் கோபத்தின் திசை. ஒரு விசாரணையின் முடிவில் இவை நடந்ததாக அறிவிக்கப்படவில்லை. நாடு முழுவதும் பேசப்பட்டதால் ஒருவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. யாரும் பேசாத புகார்களில் வேலை இழப்பவர்கள் அமைதியாக வீடு திரும்புகிறார்கள்.

அதே ஆண்டு மார்ச்சில் பெங்களூருவில் நடந்த நிகழ்வு மறுபக்கத்தைக் காட்டியது. உணவு கொண்டுவந்தவர் தன்னைத் தாக்கியதாக வாடிக்கையாளர் ஒருவர் காணொலி வெளியிட்டார். விநியோகப் பணியாளர் கைது செய்யப்பட்டுப் பிணையில் வந்தார். தாக்கப்பட்டது தாமே என்று அவர் சொன்னார். சில நாட்களில் அவர் அளித்த புகாரின் பேரில் வாடிக்கையாளர் மீதும் வழக்குப் பதிவானது. யார் சொன்னது உண்மை என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய முடியும். ஒரு காணொலியில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும் என்பதை உணர, அன்று நாட்டுக்குச் சில நாட்கள் தேவைப்பட்டன.

முதலாளிக்கு முப்பது நாள்

வாடிக்கையாளருக்குச் சட்டப் பாதுகாப்பு வலுவாகவே உள்ளது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளுக்கும் சேவைக்கும் எதிராக மாவட்ட ஆணையத்தை அணுகலாம். அங்கு எதிர்த் தரப்பு பணியாளர் அல்ல. விற்பனை செய்த நிறுவனம். புகார் ஏற்கப்பட்டதும் அதன் நகல் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, பதிலளிக்க 30 நாட்கள் வழங்கப்படும். தேவைப்பட்டால் மேலும் 15 நாட்கள் வரை நீட்டிக்கப்படும்.

கடையின் உரிமையாளர் மீது புகார் வந்தால் அவர் தரப்பைக் கேட்க ஒரு மாதம். அதே வாடிக்கையாளர் கல்லாவின் பக்கத்தில் வைத்துள்ள குறிப்பேட்டில் விற்பனைப் பெண்ணைப் பற்றி இரண்டு வரி எழுதினால், பல கடைகளில் அவர் தரப்பைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படுவதில்லை. முறையீட்டின் நீதி, மேல்தட்டில் நின்றுவிடுகிறது.

சட்டத்தின் நோக்கம் இதுவல்ல. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதங்களுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமின்றி நீக்க முடியாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும். ஒழுங்கீனக் குற்றச்சாட்டு என்றால், அதற்கென நடத்தப்பட்ட விசாரணையில் பதிவான சான்று இருந்தால் மட்டுமே முன்னறிவிப்பு இன்றி நீக்கலாம். நீக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே போன்ற பாதுகாப்பு உள்ளது. ஆகவே மேட்டூரானாலும் மலையானாலும், புகார் என்பது குற்றச்சாட்டு, தீர்ப்பு அல்ல.

அபராதத்துக்கும் வரம்பு உண்டு. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஊதியச் சட்டத் தொகுப்பு, எந்தெந்தச் செயல்களுக்கு அபராதம் என்பதை அரசின் முன் ஒப்புதலுடன் அறிவிப்பாக வெளியிட்டிருக்க வேண்டும் என்கிறது. பணியாளருக்கு விளக்கமளிக்கும் வாய்ப்புத் தரப்பட வேண்டும். ஓர் ஊதியக் காலத்தில் விதிக்கும் மொத்த அபராதம், அந்தக் கால ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வசூலான தொகை பணியாளர்களின் நலனுக்கே செலவிடப்பட வேண்டும்.

மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு இதன்படி மாதத்துக்கு அதிகபட்ச அபராதம் 360 ரூபாய். அதுவும் அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகே. தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம், சிரிக்கவில்லை என்றால் நூறு ரூபாய், கைப்பேசியைத் தொட்டால் ஒரு நாள் ஊதியம் என்று மேற்பார்வையாளர் வாய்மொழியாகப் பிடித்தம் செய்வது இந்த வரையறைக்குள் அடங்காது.

ஆனால் இந்தப் பாதுகாப்புகளைப் பயன்படுத்த, ஆறு மாதம் வேலை செய்ததற்கான சான்று வேண்டும். பணி நியமனக் கடிதமே இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அது இருப்பதில்லை. வெளியூரிலிருந்து வந்து, கடை நிர்வாகம் தரும் விடுதியில் தங்கியிருக்கும் இளம்பெண்ணுக்கு வேலை போனால் அன்றிரவே தங்குமிடமும் போகிறது. அவர் மேல்முறையீடு செய்வார் என்று எதிர்பார்ப்பது கடினம்.

நட்சத்திரங்களின் கணக்கு

குறிப்பேட்டின் இடத்தை இப்போது கைப்பேசிச் செயலி பிடித்துள்ளது. வாங்கி முடித்ததும் ‘சேவை எப்படி இருந்தது’ என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் திரையில் தோன்றுகின்றன. மழையில் உணவு தாமதமானால், உணவகம் உப்பை அதிகம் போட்டிருந்தால், தள்ளுபடி விலை மாறியிருந்தால், வாடிக்கையாளர் கோபத்தைக் காட்ட அவருக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பணியாளரின் பெயருக்கு எதிரேயுள்ள அந்தப் பெட்டிதான். மழைக்கும் உப்புக்கும் விலைக்கும் தனித்தனிப் பெட்டி கிடையாது.

குறிப்பேட்டில் எழுதியவரின் கையெழுத்தாவது இருந்தது. நட்சத்திரத்தில் பெயரும் இல்லை, காரணமும் இல்லை. அதன் சராசரி குறைந்தால் அடுத்த வேலை வருமா, கணக்கு முடக்கப்படுமா என்பதைக் கணினி நிரல் முடிவு செய்கிறது.

இந்த இடத்தில் கர்நாடகம் தமிழகத்தை விட ஒரு படி முன்னே சென்றுள்ளது. 2025-ஆம் ஆண்டின் கர்நாடக இணையவழித் தளப் பணியாளர் நலச் சட்டம், வாடிக்கையாளர் மதிப்பீடு உள்ளிட்டவற்றைக் கொண்டு தானியங்கி முறையில் எடுக்கப்படும் முடிவுகள் தங்களை எவ்வாறு பாதிக்கின்றன என்ற தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைப் பணியாளர்களுக்கு வழங்குகிறது. ஒருவரை நீக்குவதானால் எழுத்துவழிக் காரணத்துடன் 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் பணியாளருக்குச் செலுத்தும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்கு நிறுவனங்கள் செலுத்த வேண்டும்.

விளைவு விசித்திரமானது. கர்நாடகத்தில் செயலிவழிப் பணியாளருக்குத் தன் மீதான புகாரின் கணக்கைத் தெரிந்துகொள்ளும் உரிமை எழுதப்பட்டுள்ளது; கடைப் பணியாளருக்கு நாற்காலி எழுதப்படவில்லை. தமிழகத்தில் கடைப் பணியாளருக்கு நாற்காலி எழுதப்பட்டுள்ளது. நட்சத்திரக் கணக்கைக் கேட்கும் உரிமை அதே அளவில் எழுதப்படவில்லை. நியாயத்தின் இரு பாதிகள் எல்லையின் இரு பக்கமும் கிடக்கின்றன.

மத்திய அரசின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடும். நின்று வேலை செய்வோருக்கு இருக்கையும், ஒவ்வொரு பணியாளருக்கும் நியமனக் கடிதமும் அதில் இடம்பெற்றுள்ளன. எனினும் அது பொதுவாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே பொருந்தும். மூன்று பேர், நான்கு பேர் வேலை செய்யும் தேங்காய்க் கடையும் வளையல் கடையும் சிற்றுண்டிக் கடையும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. கோயில் ஊர்களின் கடைகளில் பெரும்பகுதி இத்தகையவை.

‘வாடிக்கையாளரே எப்போதும் சரி’

இந்த வாசகம் பழமையான ஞானம் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரவிய பெரும் அங்காடிகளின் விளம்பர உத்தி அது. சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட், 1909-ல் லண்டனில் அங்காடி திறந்த ஹாரி செல்ஃப்ரிட்ஜ் ஆகியோருடன் அது வழக்கமாக இணைத்துப் பேசப்படுகிறது. அளவில் ஏமாற்றும் கடைக்காரர்கள் மலிந்த காலத்தில், ‘எங்களை நம்பி வாருங்கள்’ என்ற உறுதிமொழியாக அது அமைந்தது. அந்த வாக்குறுதியை அளித்தவர் முதலாளி. அதன் விலையைக் காலப்போக்கில் செலுத்தத் தொடங்கியவர் பணியாளர்.

அதே காலத்திலேயே எதிர்க்குரலும் எழுந்தது. 1899-ஆம் ஆண்டு பிரிட்டன் கொண்டுவந்த சட்டம், கடைகளில் மூன்று பெண் பணியாளர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று விதித்தது. உட்காரும் உரிமை இக்காலத்தின் சலுகை அல்ல என்பதற்கு இதுவே சான்று.

1983-ஆம் ஆண்டு அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட், விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து, புன்னகையும் பொறுமையும்கூட உழைப்பே என்று விளக்கினார். ‘உணர்வு உழைப்பு’ என்ற கருத்து அதிலிருந்து பரவியது. திட்டு வாங்கியும் சிரித்து நிற்பது இயல்பான குணமாகக் கருதப்படும் வரை, அதற்கு ஓய்வோ பாதுகாப்போ தேவை என்ற எண்ணம் எழாது.

தென்கொரியா 2018-ல் தனது தொழிற்பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, வாடிக்கையாளரின் வசையால் பணியாளர் பாதிக்கப்படும்போது வேலையை இடைநிறுத்துவது அல்லது மாற்றித் தருவது போன்ற நடவடிக்கைகளை முதலாளியின் கடமையாக்கியது. ஸ்காட்லாந்தில் 2021 முதல் கடைப் பணியாளரைத் தாக்குவதும் மிரட்டுவதும் தனிக் குற்றம். விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற ஜப்பானில், டோக்கியோ மாநகர நிர்வாகம் வாடிக்கையாளர் துன்புறுத்தலைத் தடுக்கும் விதிமுறையை 2024 அக்டோபரில் நிறைவேற்றி, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. வாடிக்கையாளரை உயர்வாக மதிக்கும் சமூகமே, அந்த மதிப்புக்கு எல்லை வகுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துள்ளது.

புகாருக்கும் விதிக்கும் இடையே

இதன் பொருள் புகார்களைப் புறக்கணிக்க வேண்டும் என்பதல்ல. எடையில் குறைப்பது, காலாவதியான பொருளை விற்பது, சாதியையோ உடையையோ பார்த்து ஒருவரை அலட்சியப்படுத்துவது ஆகியவை கடுமையான தவறுகள். அவற்றைச் சொல்ல வாடிக்கையாளருக்கு எளிய வழி இருந்தே ஆக வேண்டும். உணவுக் கடையில் தலையுறை அணியச் சொல்வது புகாரிலிருந்து பிறந்த விதியாக இருந்தாலும் நியாயமானதே.

வேறுபாட்டை அறிய மூன்று கேள்விகள் போதும். முதலாவது, புகார் பணியாளரின் நடத்தையைப் பற்றியதா, நிறுவனத்தின் முடிவைப் பற்றியதா? ஆள் பற்றாக்குறையால் நீளும் வரிசைக்குக் காசாளர் பொறுப்பல்ல. இரண்டாவது, குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கம் பதிவானதா? கண்காணிப்புக் கேமரா பணியாளரின் தவறைக் காட்டப் பயன்படுமானால், அவர் தவறு செய்யவில்லை என்பதைக் காட்டவும் அதே பதிவு பயன்பட வேண்டும். மூன்றாவது, ஒருவரின் தவறுக்காக எல்லோரும் கட்டுப்படுத்தப்படுகிறார்களா? ஒரு பணியாளர் கைப்பேசியில் பேசியதற்காக, அனைவரின் கைப்பேசிகளையும் நாள் முழுவதும் பூட்டி வைத்தால், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்ற செய்திகூடத் தாயை எட்டாது.

இவற்றைச் செயல்படுத்தப் பெரும் செலவு தேவையில்லை. விதிகளை எழுத்தில், பணியாளர் அறிந்த மொழியில் சுவரில் ஒட்டுவது. புகாரின் நகலைச் சம்பந்தப்பட்டவருக்குத் தருவது. அவர் பதிலுக்கு ஓரிரு நாள் அவகாசம் அளிப்பது. புதிய கட்டுப்பாட்டைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மறுபரிசீலனை செய்வது ஆகியவை சிறிய கடைக்கும் இயலக்கூடியவை. முந்நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே நிலையாணைகள் கட்டாயம் என்ற நிலையில், சிறு கடைகளுக்கான எளிய மாதிரி விதிகளை மாநிலத் தொழிலாளர் துறைகள் வெளியிடலாம்.

எல்லையோர ஊர்களில் இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் ஒன்று மற்றொன்றிடமிருந்து கற்கவும் இடம் உண்டு. தமிழகத்தின் 22-ஏ பிரிவைக் கர்நாடகம் தன் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கலாம். மதிப்பீட்டின் கணக்கைக் கேட்கும் கர்நாடக உரிமையைத் தமிழகம் செயலிவழிப் பணியாளருக்கும், குறிப்பேட்டின் முன் நிற்கும் கடைப் பணியாளருக்கும் விரிவுபடுத்தலாம்.

வாடிக்கையாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தக் கட்டுப்பாடுகள் அனைத்தும் அவர்கள் பெயரில்தான் விதிக்கப்படுகின்றன. கடைக்குள் நுழையும்போது அமர்ந்திருக்கும் பணியாளர் பதறி எழுந்தால், ‘உட்காருங்கள், நான் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்’ என்று ஒருவர் சொல்வது, அந்தக் கடையின் மேற்பார்வையாளர் காதிலும் விழும். புகார் விதியாக முடியுமானால், இப்படிப்பட்ட சொல்லும் ஒருநாள் விதியாகலாம்.